வேர்முடிச்சும் மின்கலமும்

நெய்வேலி என்றவுடன் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமுமே நினைவுக்கு வரும். 1957ஆம் ஆண்டு மே மாதம் சுரங்கப் பணி தொடங்கிய அந்நகரியத்தில் உரமும் விளைந்ததை இன்று பலர் அறியார். 1960களில் எழுந்த உரத் தொழிற்சாலை, நிலக்கரியை வாயுவாக்கி, அதனின்று பெற்ற ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கி, அதனை யூரியாவாக மாற்றியது. பின்னாளில் அது மூடப்பட்டது.

நைட்ரஜன் எளிதில் இணங்கும் பொருளன்று. அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகக் கட்டுண்டவை. ஹேபர், பாஷ் என்னும் ஜெர்மானியர் வகுத்த முறையில் அக்கட்டை அவிழ்க்க 400 முதல் 500 செல்சியசு வரை வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கினும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். உலகின் பெரும்பாலான உரம் இன்றும் இவ்வாறே ஆகின்றது. அதற்குரிய ஹைட்ரஜனைப் பெறுகையில் கரியமில வாயு வானில் கலக்கின்றது.

நகரியத்தைக் கடந்து நிலக்கடலைக் கொல்லை ஒன்றிற்குச் செல்வோம். தென்னார்க்காட்டார் இதனை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் சிதைவு அது. செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரோஜினேஸ் என்னும் நொதியைக் கொண்டு அதே அம்மோனியாவை மண்ணின் வெப்பத்திலேயே ஆக்குகின்றன. உலையுமில்லை, புகைபோக்கியுமில்லை! அந்நொதிக்கு ஆக்சிஜன் பகை. இளஞ்சிவப்பு நிறப்பொருள் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அதனைக் காக்கின்றது. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றுக்கு நொதி எட்டு எலக்ட்ரான்களை வாங்குகின்றது. இலைகள் சமைத்த சர்க்கரையே அவற்றை அளிக்கின்றது.

எலக்ட்ரான்களின் ஓட்டமன்றோ மின்சாரம்? அவற்றை மின்வாயின் வழியே நொதிக்கு ஊட்டலாகாதா? 2017இல் அமெரிக்க நாட்டு யூட்டா பல்கலைக்கழகத்தில் ஷெல்லி மின்டீர் குழுவினர் இதனைச் செய்து காட்டினர். கலத்தின் ஒருபுறம் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும் நொதி; மறுபுறம் நைட்ரோஜினேஸ். அம்மோனியா விளைந்தது, உடன் சிறிதளவு மின்னோட்டமும் கிடைத்தது.

ஆயினும் செல்லவேண்டிய வழி நெடிது. கலத்துக்குரிய ஹைட்ரஜனை நீரை மின்னாற்பகுத்துப் பெறலாம். அம்மின்சாரம் நிலக்கரியை எரித்து வந்ததாயின், புகை இடம் மாறுமேயன்றி ஒழியாது. நெய்வேலி நிறுவனம் இப்பொழுது கதிரொளியினின்றும் மின்சாரம் ஆக்குவது இங்கு எண்ணத்தக்கது. பெரிய இடையூறு வேறொன்று. நைட்ரோஜினேஸ் எலக்ட்ரான்களோடு நிறைவடைவதில்லை. ஏடிபி என்னும் ஆற்றற்பொருளையும் மூலக்கூறு ஒன்றுக்குப் பதினாறு வீதம் கேட்கின்றது. மல்லாட்டைக் கொல்லையில் அது ஞாயிற்றின் ஒளியால் விலையின்றி விளைகின்றது. ஆய்வுக்கூடத்திலோ அதனை விலைகொடுத்து வாங்கி ஊற்றவேண்டியுள்ளது.