நான் வெட்டிய 'ஆனால்'

பத்து வரிக் கடிதம் ஒன்றை ஒரு வரியாக்கி அச்சேற்றியவன் நான். பக்கத்தில் இடம் இருந்தது. ஆனாலும் வெட்டினேன். முதல் வரி என்னைப் பாராட்டியது. மீதி ஒன்பதும் கேள்வி கேட்டன.

2010 ஜனவரி. அப்போது ஒரு தமிழ் வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோக மிக அதிக வாய்ப்பிருக்கிறது என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2007 அறிக்கையில் எழுதியிருந்தது. அது தவறு என்று தெரியவந்து, ஜனவரி 20-ஆம் தேதி குழுவே வருத்தம் தெரிவித்தது. 1999-இல் ஓர் அறிவியல் இதழில் வந்த பேட்டி, அதை எடுத்தாண்ட ஒரு சூழல் அமைப்பின் 2005 அறிக்கை, அங்கிருந்து ஐ.பி.சி.சி. என்று கைமாறி வந்தது அந்த 2035. இடையில் யாரும் மூலத்தைச் சரிபார்க்கவில்லை.

எனக்கு அது அல்வா மாதிரி. 'பனி உருகவில்லை, பொய் உருகியது' என்று தலைப்பு வைத்து முழுப் பக்கம் எழுதினேன். முந்தைய நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து திருடி வெளியிடப்பட்ட விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். பூமி சூடாவது உண்மையானாலும் அது சூரியன் செய்கிற வேலை, மனிதன்மேல் பழி போடுவது கட்டுக்கதை என்று முடித்தேன்.

ஏறக்குறைய ஆயிரம் பக்கமுள்ள அந்த அறிக்கைத் தொகுதியில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. கையில் இருந்தது ஓர் ஏஜென்சி செய்தி. அதிலும் முதல் நாலு பத்திதான் படித்தேன். தவறைத் துருவிக் கண்டுபிடித்தவர்கள் கனடாவின் கிரஹாம் காக்லி போன்ற பனியாற்று ஆய்வாளர்கள், பனி உருகுவதை ஆண்டுக்கணக்கில் அளந்துவருகிறவர்கள் என்பது ஐந்தாவது பத்தியில் இருந்தது. மூலத்தைப் பார்க்காதவர்களைக் கிண்டலடித்து எழுதியவன், தன் மேசைமேல் கிடந்த தாளைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அந்த அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். "கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது" என்று தொடங்கி, "ஆனால்" என்று திரும்பியிருந்தார். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலேயும் சூடாக வேண்டுமே ஐயா, தரையை ஒட்டிய காற்று சூடாகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டே போகிறதே, ஏன்? ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958-இல் அளந்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 390-ஐ நெருங்குகிறதே, அந்தக் கணக்கு எங்கே? கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: பஞ்சாங்கத்தில் அமாவாசைத் தேதியைத் தப்பாக அச்சடித்துவிட்டால் நிலாவே பொய் என்பீர்களா?

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் புரிந்துவிடுமோ என்ற பயம். பாராட்டை மட்டும் வாசகர் கடிதப் பகுதியில் போட்டேன். அதன்பிறகு அவர் எங்களுக்கு எழுதவில்லை.

அந்த ஜூலையில், மின்னஞ்சல் விவகாரத்தை விசாரித்த மியூர் ரஸ்ஸல் குழுவின் அறிக்கை வந்தது. தகவல் கேட்டவர்களிடம் விஞ்ஞானிகள் போதிய வெளிப்படையோடு நடக்கவில்லை என்று கண்டித்தது. அவர்களுடைய நேர்மையில் சந்தேகமில்லை என்றும் சொன்னது. கண்டனத்துக்கும் சேர்த்தே நான் இடம் தரவில்லை. அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

இவ்வளவுக்கும் நான் எனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சந்தேகவாதி'. கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லரும் சந்தேகப்பட்டவர்தான். அவர் குழு சேர்த்து வெப்பநிலைப் பதிவுகளை முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமி சூடாவது உண்மை, ஏறக்குறைய முழுவதும் மனிதரால்தான் என்று 2012-இல் தன் பெயரிலேயே எழுதினார். அவர் வெப்பமானிகளை எண்ணிய நாட்களில் நான் எண்ணியது எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை.

2019-இல் ஒரு செய்தியை மொழிபெயர்க்க நேர்ந்தது. அமெரிக்காவின் பழைய உளவுச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 650 இமயப் பனியாறுகளை ஆராய்ந்திருந்தார்கள். 1975-க்கும் 2000-க்கும் இடையில் கரைந்ததைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் 2000-க்குப் பிறகு பனி கரைகிறது என்பது முடிவு. 2035 என்ற ஆண்டுதான் தப்பு, உருகுவது தப்பில்லை. இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது என் பழைய தலைப்பு கண்முன் வந்து நின்றது. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

ஐ.பி.சி.சி. தன் பிழையை மூன்றாம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. நான் அவர்களைவிட மெத்தனம். ஆகவே, மிகத் தாமதமாக:

பிழை திருத்தம். 'கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது' என்று வெளியான வாசகர் கடிதம் அந்த இடத்தில் முடியவில்லை. அடுத்த சொல் 'ஆனால்'.