தேதி தெரிந்த செலவுகள்

கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளப் பட்டியல், போனஸ், பி.எஃப்., வரிப் பிடித்தம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஒரு வீட்டில் பணம் எப்படித் தங்குகிறது, எப்படிக் கரைகிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். திடீரென்று வந்த செலவால் கடனாளியானவர்களைவிட, எப்போது வரும் என்று நன்றாகத் தெரிந்த செலவால் கடனாளியானவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் காலண்டர் மாட்டும்போதே அதன் தேதி தெரிந்துவிடும். ஆனாலும் வீடே போனஸை நம்பிக் காத்திருக்கும். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. பட்டுவாடா நாளில் ஆலை வாசலுக்கு எதிரே வட்டிக்காரர்கள் நிற்பார்கள். போனஸ் கவரை வாங்கியவர்களில் சிலர் அங்கேயே பிரித்து எண்ணி, போன தீபாவளிக்கு வாங்கிய கடனின் பாக்கியைக் கொடுத்துவிட்டு நடப்பார்கள். மிச்சத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியாது. மறுபடியும் கடன்.

30,000 ரூபாயை மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று வாங்கினால் மாதம் 900 ரூபாய். அடுத்த தீபாவளிக்குள் வட்டி மட்டும் 10,800. அசல் அப்படியே நிற்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுகிறவர்கள் நிலைமையும் இதுதான். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். அதே வீட்டில் மாதம் 2,500 ரூபாய் வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போட்டிருந்தால், 30,000 ரூபாயும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும்.

கோன் வைண்டிங் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தீபாவளிக் கணக்கை மட்டும் எழுதி வைப்பார். துணி, எண்ணெய், கடலை மாவு, வெடி, மகள் வீட்டுச் சீர், ஊருக்குப் போகப் பஸ் என்று வரிசையாக இருக்கும். பண்டிகை முடிந்த வாரமே மொத்தத்தைக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகைக்குப் புது ஆர்.டி. தொடங்கிவிடுவார். போனஸ் வரும்போது அவருக்கு அதில் தொட வேண்டிய செலவே இருக்காது, அப்படியே எஃப்.டி.க்குப் போகும். அவர் வீட்டில் பலகாரத்துக்கும் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

அடுத்தது வரி. நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சேமிப்புச் சான்று கேட்டு நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டிய பிறகுதான் ஓட்டம் ஆரம்பிக்கும். அவசரத்தில் நீட்டிய பாலிசியில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வருஷம் வரியில் சில ஆயிரம் மிச்சமாகும். பிரீமியமோ 15, 20 வருஷத்துக்குக் கட்ட வேண்டியது. சில தவணைகளுக்குப் பிறகு கட்ட முடியாமல் நிறுத்தி, போட்டதில் பெரும்பகுதியை இழந்தவர்கள் உண்டு. 2023-24 முதல், நாமாகக் கேட்டு மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய வரிமுறைதான். அதில் இப்படிப்பட்ட சேமிப்புக்கான கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டில் நிலையான கழிவு 75,000-ஐயும் சேர்த்தால், சம்பளம் ரூ.12.75 லட்சம் வரை புதிய முறையில் வரியே இல்லை. வரியே இல்லாதவர் வரியைக் காட்டி விற்கிற பாலிசியை எதற்காக வாங்க வேண்டும்? எந்த முறை லாபம் என்று ஏப்ரலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். குடும்பப் பாதுகாப்புக்கு டேர்ம் பாலிசி எடுங்கள். சேமிப்பைத் தனியாக வையுங்கள்.

மூன்றாவது, ஓய்வு. 58 வயது என்றைக்கு நிறையும் என்பது வேலைக்குச் சேரும் நாளிலேயே பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் நம்முடைய பங்காக பி.எஃப்.க்குப் போகிறது. நிர்வாகமும் 12 போடுகிறது, அதில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்கு. அந்தக் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு 2014-இல் வைத்த 15,000 ரூபாய். அந்த வரம்பில் 30 ஆண்டுச் சேவை கணக்கில் ஏறினாலும், 15,000-ஐ 30-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 6,430 ரூபாய்தான் பென்ஷன். மளிகைக்கும் மருந்துக்கும் இது எப்படிப் போதும்? முதுமைக்கு உண்மையான துணை பி.எஃப். தொகைதான்.

அதைத்தான் இளைஞர்கள் வேலை மாறும்போதெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். 28 வயதில் இருக்கும் 2 லட்சத்தைத் தொடாமல் விட்டு, இதே வட்டி நீடித்தால், 58 வயதில் அது 21 லட்சத்தைத் தாண்டும். ஐந்து வருஷத் தொடர்ச் சேவை முடியாமல் எடுத்தால் வரியும் உண்டு. புதிய கம்பெனிக்குப் போகும்போது உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என்.னைக் கொடுத்துப் பழைய கணக்கையும் அதோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓய்வுப் பணம் மொத்தமாக வந்து விழும் நாளுக்கு முன்பே, அதை எங்கே போடுவது என்று முடிவெடுத்து வைக்க வேண்டும். 2012 வாக்கில் எங்கள் கொங்குப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, பெரிய லாபத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அதன் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டிக்கு 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். மகன் தொழில் தொடங்கக் கேட்டால் கொடுக்கலாம்; உங்கள் மாதச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகு, மிச்சத்திலிருந்து கொடுங்கள்.

தீபாவளிக்கும் வரிக்கும் முதுமைக்கும் இந்த மாதச் சம்பளத்திலேயே பங்கு பிரித்துவிடுங்கள். முதல் தொகை 500 ரூபாயாக இருந்தாலும் போதும். சம்பளம் ஏறும்போது அதுவும் ஏறட்டும். தேதி தெரிந்ததற்கெல்லாம் பணம் ஒதுங்கிவிட்டால், சொல்லாமல் வரும் நோயையும் வேலை இழப்பையும் எதிர்கொள்ளக் கையில் தெம்பு இருக்கும். கஷ்டம் என்று நம்மிடம் வரும் ஒருவருக்கு வட்டி கேட்காமல் கொடுக்கவும் முடியும்.