பாஸா?

நம் டிப்ளமோ வாழ்க்கையே 'பாஸ்' என்ற வார்த்தையில்தான் ஓடுகிறது. பஸ்ஸுக்கு பாஸ். (வேப்பம்பட்டு ரயிலுக்கு மட்டும் ஏனோ சீசன்!) அரட்டை அடித்தால் டைம்பாஸ். வெல்டிங்கில் முதலில் போடுவது ரூட் பாஸ். அது சொதப்பினால் மேலே எத்தனை பாஸ் போட்டும் பிரயோசனமில்லை. லோ-பாஸ் ஃபில்டர் தாழ்ந்த அதிர்வெண்ணை விட்டு, உயர்ந்ததைத் தடுக்கும். அந்த ஒரு இடத்திலாவது! படிப்பு முடிந்தால் நமக்கு 'பாஸ் அவுட்'. இங்கிலாந்துக்காரனுக்கு அது மயக்கம்.

போன வருஷம் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடுவதுதான் பை-பாஸ் என்றார் டாக்டர். 5 மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. என் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் வாசலில் நின்று கேட்கும் அதே குரலில் அம்மா கேட்டாள்: "டாக்டர், பாஸுங்களா?"

"பாஸும்மா" என்றார்.