பாலத்துக்கு அந்தப் பக்கம்

மேரிலாந்தில் கவுன்சலர் லைசென்ஸ் சும்மா வந்துவிடாது. 60 கிரெடிட் முதுகலைப் படிப்பு, தேசியத் தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு, இவற்றோடு சூப்பர்வைசரின் மேற்பார்வையில் 3000 மணி நேர வேலை. டே-கேர் கட்டணத்துக்கே பத்தாத சம்பளத்துக்காகக் குழந்தையை டே-கேரில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். லைசென்ஸ் கைக்கு வந்தபோது சந்தோஷத்தைவிட வன்மம்தான் தூக்கலாக இருந்தது. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது! வெளியில் பேசும்போது இதற்குத் 'தரம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

2021இல் கவுன்சலிங் காம்பாக்ட் மசோதா மேரிலாந்து சட்டமன்றத்துக்கு வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான இந்த உடன்பாட்டில் சேரும் மாநிலங்களில் ஒன்றில் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர், மற்ற மாநிலங்களில் தனித்தனியாக லைசென்ஸ் எடுக்காமல், அனுமதி பெற்று வேலை செய்யலாம். ஆதரவாக ஒரு கடிதம் எழுதச் சொல்லி சக கவுன்சலர்கள் கேட்டார்கள். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. எங்கிருந்தோ மலிவாக ஆள் பிடித்து உட்காரவைக்கும் ஆன்லைன் கம்பெனிகள் என் பிழைப்பில் கைவைத்துவிடும் என்பதுதான் பயம். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அது வேறு விஷயம். என் கடிதம் இல்லாமலே மசோதா நிறைவேறியது. ஜார்ஜியாவும் மேரிலாந்தும்தான் முதலில் சேர்ந்தவை.

அப்போது என்னிடம் ஒரு தமிழ்ப் பெண் வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. தொற்றுக்காலத்தில் குடும்பம் பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸுக்கு வீடு மாறியது. என் ஆபீசிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம்தான். ஆனால் வீடியோவில் பேசும்போது கவுன்சலர் எங்கே இருக்கிறார் என்று சட்டம் பார்ப்பதில்லை, கிளையண்ட் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் லைசென்ஸைத்தான் கேட்கும். தொற்றுக்காக வர்ஜீனியா கொடுத்திருந்த தளர்வுகளால் வண்டி ஓடியது. 2021 ஜூன் 30ஆம் தேதி அங்கே அவசரநிலை முடிவுக்கு வந்தது.

காம்பாக்ட் கைகொடுத்திருக்கலாம். ஆனால் 10 மாநிலங்கள் சட்டம் இயற்றினால்தான் அது உயிர்பெறும். அடுத்த வருடம் எண்ணிக்கை சேர்ந்தது. பிறகு ஆணையம் அமைத்து, விதிகள் எழுதி, மாநிலங்களுக்குப் பொதுவான தகவல் தளம் கட்டி, அரிசோனாவிலும் மினசோட்டாவிலும் முதல் அனுமதிகள் கிடைத்தபோது 2025 ஆகிவிட்டது.

அவர் காத்திருக்கவில்லை. அமர்வு நாளில் காரை எடுத்துக்கொண்டு அமெரிக்கன் லீஜியன் பாலத்தைத் தாண்டி வந்து, மேரிலாந்துப் பக்கம் ஒரு கடை வாசல் பார்க்கிங்கில் நிறுத்தி, போனை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்துப் பேசுவார். பின்சீட்டில் குழந்தையின் கார் சீட் காலியாகத் தெரியும். ஆபீசுக்கே வந்துவிடலாமே என்றால், போக வர அந்த நேரம் வீட்டில் கிடைக்காது என்பார். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். கெட்டவர் இல்லை, இந்த ஊர் வீட்டுச் சுவர்தான் மெல்லிசு. வீடியோ அமர்வின் தொடக்கத்தில் கிளையண்ட் இருக்கும் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். "எங்க இருக்கீங்க?" என்றால், "பாலம் தாண்டிட்டேன்க்கா" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒரு குளிர்கால மாலை பெல்ட்வேயில் விபத்து. அவரால் பாலத்தை நெருங்கவே முடியவில்லை. வர்ஜீனியாப் பக்கமே, டைசன்ஸில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிட்டார். "இன்னிக்கு முடியலக்கா. இருக்கவே பிடிக்கல" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் சட்டத்தை நினைத்துப் போனை வைக்கிறவர் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. பேச்சை விடாமல் இன்னொரு போனில் 911ஐ அழைத்தேன். எடுத்தது மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டி. அழைத்தவர் இருக்கும் இடத்துக்குத்தானே அது போகும்! அங்கிருந்து ஃபேர்ஃபாக்ஸுக்கு மாற்றினார்கள். அந்தக் கவுண்டியின் மனநல அவசரக் குழு எண் என்னிடம் இல்லை. எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்றும் தெரியாது. கணவரைப் பிடித்து, அவர் வந்து சேரும்வரை லைனிலேயே இருந்தேன். நல்லபடியாக முடிந்தது.

இரண்டு பேரும் சிரித்த அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கிளையண்ட் எங்கே இருக்கிறார் என்று சட்டம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. உதவி வருவதும் அங்கிருந்துதான். நான் தப்பு செய்தால் அவர் புகார் கொடுக்கப் போவதும் அந்த மாநில லைசென்ஸ் போர்டிடம்தான். ஆனால் புதிதாக வருகிறவரிடம் மேரிலாந்து 3000 மணி கேட்கிறது, வர்ஜீனியா 3400 கேட்கிறது. இங்கே ஒரு தேர்வு, அங்கே வேறொரு தேர்வு. பட்டப்பெயர்கூட இங்கே எல்.சி.பி.சி., அங்கே எல்.பி.சி. அந்த 400 மணி நேரம் டைசன்ஸில் நின்ற பெண்ணுக்கு எதைக் கொடுத்திருக்கும்? அது எங்களுக்கான வேலி. அந்த வேலிக்குத்தான் நான் காவல் இருந்தேன்.

காம்பாக்டின் வாசகத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கிளையண்ட் இருக்கும் மாநிலத்தின் சட்டமே கவுன்சலரைக் கட்டுப்படுத்தும், தவறினால் அந்த மாநிலம் அனுமதியைப் பறிக்கலாம் என்று அதில் இருக்கிறது. கழற்றியது வேலியை மட்டும். 'தரம்' என்று நான் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தது பத்திரமாக இருந்தது.

அந்தப் பெண்ணை வர்ஜீனியாவில் லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் சேர்த்துவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நானும் வர்ஜீனியாவுக்கு விண்ணப்பித்தேன். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் தனி வழி உண்டு. இருந்தாலும் சான்றுகள், கட்டணம், காத்திருப்பு என்று அது தன் வேகத்தில்தான் நகரும்.

இப்போது நானே சூப்பர்வைசர். என்னிடம் மணிக்கணக்கு முடித்துக்கொண்டிருக்கும் பெண் ஒருநாள், "காம்பாக்ட் எங்களுக்கும் உண்டா மேடம்?" என்றார். இல்லை, முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்குத்தான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பழைய நானாக இருந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேன். அவருடைய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடியோ கிளையண்டுகள் ஒவ்வொருவர் இருக்கும் கவுண்டியின் அவசர எண்ணையும் அடுத்த வாரத்துக்குள் ஃபைலில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.