ஒரு 'வாஸ்' படுத்தும் பாடு

நம்ம பள்ளிக்கூடத்துல டென்ஸ் எப்படி சொல்லிக் கொடுத்தாங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சாப்பிட்டேன்னா 'ஏட்', சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்னா 'வாஸ் ஈட்டிங்'. அட்டவணை போட்டு ஒப்பிச்சு மார்க் வாங்கினதோட சரி. எப்போ எதைப் போடணும்னு யாரும் சொன்னதா நினைவில்லை.

பொட்டி தட்ட வந்தப்புறம்தான் இதுல பொழப்பே அடங்கியிருக்குன்னு தெரியுது. போன மாசம் ஒரு ராத்திரி எங்க ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸ் படுத்துடுச்சு. டீம்ல இருக்கிற தம்பி அதைப் பார்த்துட்டு உடனே சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி நிலைமையைக் காப்பாத்தினான். யார் என்ன பண்ணீங்கன்னு கிளையண்ட் கேட்டிருந்தாங்க. பதில் மெயிலை அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டினான்.

"ஐ வாஸ் ரீஸ்டார்ட்டிங் தி சர்வர் வென் தி டேட்டாபேஸ் க்ராஷ்ட்."

அடப்பாவி! படிக்கிறவர் என்ன நினைப்பார்? பய சர்வரை நோண்டிக்கிட்டு இருந்திருக்கான், நடுவுல டேட்டாபேஸ் புட்டுக்கிச்சு. அடுத்த மாசம் அவனுக்கு அப்ரைசல் வேற. 'ஐ ரீஸ்டார்ட்டட் தி சர்வர் வென் தி டேட்டாபேஸ் க்ராஷ்ட்'னு மாத்தச் சொன்னேன். இப்போ க்ராஷ் முதல்ல, ரீஸ்டார்ட் அப்புறம். வார்த்தை வரிசை அப்படியேதான் இருக்கு, நடந்த வரிசை தலைகீழாயிடுச்சு. குற்றவாளி ரட்சகன் ஆயிட்டான் :-)

"அண்ணா, பத்து நிமிஷம் பண்ணிட்டு இருந்தேனே, அப்போ கண்டினியுவஸ்தானே?"ன்னான். நம்மள்ல பலபேர் சறுக்குற இடம் இதுதான். எவ்வளவு நேரம் ஆச்சுங்கறது கணக்கே இல்லீங்க. பத்து வருஷம் மதுரையில குப்பை கொட்டியிருந்தாலும் 'ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்'தான். காரியத்தை முடிஞ்ச ஒண்ணா வெளிய இருந்து பார்க்கிறோமா, இல்ல அது நடக்கும்போதே உள்ள போய் நிக்கிறோமா, அதான் கேள்வி. உள்ள நின்னா அது முடிஞ்சுதான்னு தெரியாது. அதனாலதான் 'ஐ வாஸ் ஃபிக்ஸிங் தி பக்'னு ஸ்டேட்டஸ் சொன்னா, "சரி, முடிஞ்சுதா இல்லையா?"ன்னு மேனேஜர் முறைக்கிறார்.

நம்ம தமிழுக்கும் இதுல கொஞ்சம் பங்கு உண்டு. 'பைக் வச்சிக்கிட்டு இருந்தேன்'னு பழகின வாய் 'ஐ வாஸ் ஹேவிங் எ பைக்'னுதான் சொல்லும். கைவசம் இருக்கிற பொருளுக்கு அங்க ஹேவிங் ஒட்டாது, 'ஐ ஹேட் எ பைக்'. ஆனா 'வாஸ் ஹேவிங் லஞ்ச்' சரி, அங்க ஹேவ்னா சாப்பிடறது. தம்பி விடல. "அப்போ 'ஐ வாஸ் ஹேவிங் இட்லி' சரியா தப்பாண்ணா?"ன்னான். வாய்க்குள்ள போய்க்கிட்டிருந்தா சரி, டிபன் பாக்ஸ்ல இருந்தா தப்புடான்னேன்.