சிஞ்ச்வட் குறிப்புகள்: இருவராகப் போவது

1886-இல் புனே மறைமாவட்டம் அமைந்தபோது, சிஞ்ச்வட் பவனா ஆற்றங்கரையில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலைச் சுற்றி இருந்த சிற்றூர். 1954-இல் பக்கத்துப் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பிறகு டெல்கோ, பஜாஜ். 1982-இல் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஆயிற்று. ஆலைகளை நம்பி வந்தவர்களால் வளர்ந்தவைதாம் இங்குள்ள கத்தோலிக்கப் பங்குகள். பலருக்கு இவ்வூரில் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும். அந்த உறவாகப் பங்கு நிற்க வேண்டும்.

*

இரக்கத்தின் செயல்கள் ஏழு என்று ஞாயிறு மறைக்கல்வியில் படித்தோம். பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடை, அந்நியருக்கு இடம், நோயாளியையும் சிறையில் இருப்பவரையும் பார்க்கப் போவது: இந்த ஆறும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் உள்ளவை. இறந்தவரை அடக்கம் செய்வது தோபித்து நூலிலிருந்து சேர்ந்தது. ஏழில் இரண்டுக்குக் காசே தேவையில்லை. போய்ப் பார்த்தால் போதும். நாம் அதிகம் தள்ளிப்போடுவதும் அந்த இரண்டைத்தான்.

*

1832-இல் பாரிசில் காலரா. மறு ஆண்டு, இருபது வயது மாணவர் பிரடெரிக் ஓசானாமிடம் விவாத மன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது: உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது? அவர் பதிலுரை தயாரிக்கவில்லை. நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்குப் போனார். எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று கற்றுத்தந்தவர் அருட்சகோதரி ரொசாலி ரந்து. அப்படித் தொடங்கியதுதான் வின்சென்ட் தே பவுல் சபை.

*

அந்தச் சபையின் பழக்கங்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். வீடு சந்திக்க இருவராகப் போவார்கள். கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றிவரும்போது யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கொடுப்பவரின் பெருமைக்கு இடமில்லை. வாங்குபவரின் மானத்துக்குக் குறைவில்லை.

*

மரியாயின் சேனை 1921-இல் டப்ளினில் தொடங்கியது. தொடங்கிய பிராங்க் டஃப் ஏற்கெனவே வின்சென்ட் சபைக்காரர். சேனையினர் பொருளுதவி செய்வதில்லை என்பது விதி. செபமாலை சொல்லி, வீடு வீடாகப் போய், உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு சபை அரிசி கொண்டுபோகிறது, இன்னொன்று ஆறுதல் கொண்டுபோகிறது. ஒரே பங்கில் இரண்டும் வேண்டும்.

*

செபம் எதற்கு, சேவை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செபம் இல்லாத சேவை சீக்கிரம் களைத்துவிடும். நன்றி சொல்லாதவர்மேல் கோபப்படும். சேவை இல்லாத செபமோ அடுத்த தெரு நோயாளியின் பெயரே தெரியாமல் முடிந்துவிடும். விசுவாசிகள் மன்றாட்டில் “நோயாளிகளுக்காக” என்று சொல்லும்போது, நமக்குத் தெரிந்த ஒரு முகமாவது நினைவில் வர வேண்டும்.

*

2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி ஆண்டு. மறைமாவட்டங்கள் தோறும் புனிதக் கதவு திறக்கச் சொன்னார் திருத்தந்தை பிரான்சிஸ். உள்ளே போய் மன்னிப்புப் பெற்றவன் வெளியே வந்து அடுத்தவனை மன்னிக்காவிட்டால் அந்த யாத்திரை பாதியில் நின்றதுதான்.

*

புனேயில் தெ நொபிலி பெயரில் இயேசு சபைக் கல்லூரி இருக்கிறது. தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழ் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இயேசு சபைக் குரு. ஒருவரின் மொழியைக் கற்பதும் அவருக்குச் செய்யும் மரியாதை. இங்கே தமிழர்களான நாம் மராத்தி கற்க வேண்டியதும் அதற்காகவே. பக்கத்து வீட்டு ஆஜியிடம் (பாட்டியிடம்) மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கும் அளவுக்காவது.

*

வேலை ஷிப்டில், நேரமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே ஷிப்டால்தான் பக்கத்து அறையில் ஒருவர் காய்ச்சலோடு தனியாகக் கிடக்கிறார்.

*

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்: கோயிலுக்கு வர முடியாதவர் நம் தெருவில் யார்? துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அன்றைக்கே போய்வாருங்கள்.