சன்னலோரத்து நாற்காலி

ஒளிப்படக் கலையில் நமக்குள்ள ஈடுபாடு பழையது; தேர்ச்சிதான் இன்னும் வந்தபாடில்லை. ஆயினும் ஆசை விடுவதில்லை. சில திங்களுக்கு முன் 50 மி.மீ. குவியத்தூரமும் எஃப் 1.8 துளையும் கொண்ட லென்ஸ் ஒன்றை வாங்கினோம். தொலைவில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் வித்தை இதற்குத் தெரியாது. முகம் பெரிதாக வேண்டுமானால் படம் எடுப்பவர்தான் இரண்டடி முன்னே நடக்க வேண்டும். ஆனால் விளக்கு ஏற்றாத வீட்டில், சன்னல் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டே முகத்தைத் துலக்கமாக எடுத்துவிடும் என்பது இதன் பெருமை.

இத்தகைய லென்ஸை ‘வேகமானது’ என்பார்கள். அது ஓடுவதுமில்லை, பறப்பதுமில்லை. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ. கேமராவோடு வழக்கமாகத் தரும் லென்ஸ் இதே குவியத்தூரத்தில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். அதாவது 9 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் புதியது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒளி மிகுதியாக வந்தால் விநாடியின் சிறு பங்கிலேயே படம் பதிந்துவிடும். வேகம் என்பது இதுவே.

இந்த வேகத்தின் அருமை நம் முன்னோருக்குத் தெரியும். 1840-இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்ஸ்வால் மனித முகங்களைப் படமெடுப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்கிட்டு அமைத்தார். அதன் துளை எஃப் 3.6 அளவினது. அதற்கு முன்பெல்லாம் படத்திற்கு அமர்ந்தவர் நிமிடக் கணக்கில் மரம்போல் அசையாதிருக்க வேண்டியிருந்தது. பழைய படங்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பைக் காணாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

புதிய லென்ஸைச் சோதிப்பவர்கள் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, எழுத்துகள் ஓரம்வரை தெளிவாக விழுகின்றனவா என்று பார்ப்பதுண்டு. நாமும் பார்த்தோம். ஆனால் முகத்திற்கென வாங்கிய லென்ஸைச் செய்தித்தாளில் சோதித்து என்ன பயன்? ஆகவே நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூரில் இருக்கும் நம் பெரியம்மாவின் வீட்டிற்குப் புறப்பட்டோம். எண்பதைக் கடந்தவர், முகமெங்கும் நுண்ணிய சுருக்கங்கள். லென்ஸின் கூர்மையை அளக்க இதைவிடத் தக்க முகம் ஏது என்று எண்ணினோம். அவ்வாறு எண்ணியதை இப்போது எழுதும்போது சற்றே கூச்சமாக இருக்கிறது.

கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து பெரியம்மாவுக்குப் பிளாஷ் வெளிச்சம் ஆகாது. ‘பிளாஷ் இல்லை, சன்னல் வெளிச்சம் போதும்’ என்றதும் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த நல்ல வெள்ளைச் சேலையை உடுத்தி வந்தார். நாற்காலியை நாம் சன்னலோரம் போட, அவரோ அதைத் தாமே சிறிது திருப்பிப் போட்டு அமர்ந்தார். அதன் காரணத்தை நாம் கேட்கவில்லை.

நாற்பது படங்களுக்குமேல் எடுத்தோம். துளையை முழுதும் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுக்கையில், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. அவர் மூச்சு விட்டுத் தலை சிறிது அசைந்தாலும் கண் மங்கிக் காதோரத்து நரைமயிர் தெளிவாகிவிடும். முகத்தைச் சற்றே திருப்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் புகை. வெயில் பட்ட சேலை ஓரத்தில் ஊதாநிறக் கசிவு ஒன்றும் தென்பட்டது. எஃப் 2.8-க்குத் துளையைச் சுருக்கியதும் கசிவு பெரும்பாலும் மறைந்தது; இரு கண்களும் ஒருங்கே துலங்கின. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

தெளிவு மட்டுமே அழகன்று என்று வாதாடியவர்களும் உண்டு. கல்கத்தாவில் பிறந்து, 1879-இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அவர்களுள் ஒருவர். 48-ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவைக் கொண்டு, கோழிக்கூட்டையே கண்ணாடி பதித்த படக்கூடமாக்கி, பகலொளியில் முகங்களை எடுத்தார். படம் மங்கல் என்று அக்காலத்து விமரிசகர்கள் குறை சொன்னார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. அவரை நினைத்து நாமும் நம் மங்கலான படங்களுக்காகச் சற்றே ஆறுதல் கொண்டோம்.

எடுத்தவற்றுள் மிகச் சிறந்ததைக் கேமராவின் சிறு திரையில் பெரியம்மாவிடம் காட்டினோம். முகத்தின் ஒவ்வொரு கோடும் விளங்க, பின்புறம் யாவும் பாலாடைபோல் கரைந்திருந்தது. அந்தக் கரைவுக்காகத்தானே இவ்வகை லென்ஸைத் தேடி வாங்குகிறோம்! அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“ஏய்யா, அவுகளக் காணலியே?”

திரும்பிப் பார்த்தோம். நாற்காலிக்கு நேர் பின்னே, சுவரில் பெரியப்பாவின் படம். 1994-இல் அவர் இறந்தபோது வீடு முழுதும் தேடியும் அவருடைய தனிப்படம் ஒன்றுகூட அகப்படவில்லை. யாரோ ஒருவர் திருமணத்தில் எடுத்த கூட்டுப்படத்திலிருந்து தலையை மட்டும் பிரித்தெடுத்து, வாழ்நாளில் கோட்டு அணிந்தறியாத மனிதருக்கு ஸ்டுடியோக்காரர் கோட்டு ஒன்றை வரைந்து மாட்டியிருந்தார். அந்தப் படமும் தம்மோடு விழவேண்டும் என்றுதான் பெரியம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். நம் லென்ஸோ அவரை ஒரு பழுப்புநிறத் திட்டாக அழித்திருந்தது. நாம் லென்ஸைச் சோதித்துக்கொண்டிருந்த நேரம் முழுதும் அவர் தம் படத்திற்கு அமர்ந்திருக்கிறார்.

மீண்டும் எடுத்தோம். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டதும் சன்னலின் வெளிச்சம் வெகுவாகக் குறைந்தது. இரு முகங்களும் தெளிய எஃப் 8 வேண்டும். வாங்கிவந்த வேகம் அத்தனையையும் அடைத்துவிட்டோம். சன்னலோரம் விநாடியில் 250-இல் ஒரு பங்கில் முடிந்த வேலைக்கு, உணர்திறனை நான்கு மடங்கு கூட்டிய பின்னும் 13-இல் ஒரு பங்கு தேவைப்பட்டது. கையில் பிடித்தால் நடுங்கும். முக்காலி ஒன்றின்மேல் அரிசி நிரப்பிய பையை வைத்து, அதன்மேல் கேமராவை இருத்தினோம்.

“ஆடாம இருக்கணும், பெரியம்மா.”

“எனக்குத் தெரியாதா?” என்றவர் இரு கைகளையும் மடியில் வைத்து, மூச்சை அடக்கி, சிரிப்பின்றி நேரே பார்த்தார். முதல் முறையிலேயே படம் சரியாக விழுந்தது.

“எவ்வளவு பெருசுல போடுவ?” என்று கேட்டார். பெரியப்பாவின் சட்டத்தை அளந்து பார்த்தோம். உள்ளே 12-க்கு 15 அங்குலம். “அதே அளவுக்குப் போடு” என்றார்.

அடுத்த திங்களில் சட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்த நம்மைத் தடுத்து, படத்தைத் தம் முந்தானையால் துடைத்து, பழைய வேட்டி ஒன்றில் சுற்றினார். இப்போது அது பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.